பிபிசி மைக்ரோ எமுலேட்டர் மக்கர் பண்ணுதா? ஒவ்வொண்ணா பாத்துருவோம்

போன வேனக்காலத்துல பாளையங்கோட்டைல எங்க கணக்கு சார் வீட்டு மச்ச ஒழிச்சுக் குடுக்கப் போயிருந்தேன், அங்கன பழைய கோணிச்சாக்குக்குள்ள ஒரு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கெடந்துச்சு, கூடவே ஒரு பிஸ்கட் டப்பா நெறைய ப்ரோக்ராம் பதிஞ்ச கேசட். பள்ளிக்கூடத்துல ஏலம் விட்டப்ப எடைக்குப் போயிரக் கூடாதுன்னு சார் சொந்தக் காசக் குடுத்து எடுத்து வச்சிருக்காரு. அன்னைல இருந்து அந்த கேசட்ட எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துததும் எமுலேட்டர்ல, அதாவது பழைய மெஷின் மாதிரியே நடிக்குத ப்ரோக்ராம்ல, ஓட விடுததும் தான் என் ஞாயித்துக்கிழமை வேலை. அதப் பாத்துட்டு நெறைய பேரு சந்தேகம் கேக்காங்க, எல்லாருக்கும் வர்ற சிக்கல் அதே பத்து தான், அதனால ஒரே எடத்துல எழுதிருதேன்.

மெஷினப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சாத்தான் சிக்கல் புரியும். ரேடியோல தமிழோசை கேட்டமே அதே பிபிசி தான், பிரிட்டன்ல டிவி வழியா ஜனங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கணும்னு ஒரு திட்டம் போட்டாங்க, அதுக்காக கேம்பிரிட்ஜ்ல ஏகார்ன் கம்பெனி செஞ்ச மெஷின் இது, 1981 டிசம்பர்ல வந்துச்சு. 6502 ப்ராசஸர், 2 மெகாஹெர்ட்ஸ், மாடல் பில 32 கேபி மெமரி. நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னா 1984-85ல மத்திய அரசு கிளாஸ்னு ஒரு திட்டத்துல சுமார் 250 மேல்நிலைப் பள்ளில ஆரம்பிச்சு பிபிசி மைக்ரோவ எறக்குனாங்க, பொறவு மொகாலில இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இங்கயே யூனிகார்ன்னு பேரு போட்டு இதையே செஞ்சாங்க. அதனால தான் சொல்லுதேன், உங்க ஊரு பழைய ஸ்கூல்லயும் ஒண்ணு எங்கயாவது மூலைல இருக்கும், தேடுங்க.

நிஜ மெஷின் கெடச்சா ஒரு வார்த்தை, ஆசைப்பட்டு உடனே ப்ளக்க சொருகிறாதீங்க. பவர் சப்ளைக்குள்ள கரண்டு உள்ள வர்ற எடத்துல ரெண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்கும், பழுப்பா கண்ணாடி மாதிரி ஒறையோட, அதுல கீறல் விழுந்திருந்தா ஈரம் உள்ள போயிருக்கும், ஸ்விட்சப் போட்ட கொஞ்ச நேரத்துல புகை கக்கிரும். நாத்தம் ரெண்டு நாளைக்குப் போகாது. நம்ம பக்கத்து வெக்கைலயும் ஐப்பசி மழைலயும் நாப்பது வருசம் கெடந்தது நல்லா இருக்கும்னு நெனைக்காதீங்க, கரண்டு வேலை தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்து எக்ஸ்2 ரகம் புதுசு மாத்திட்டு அப்புறம் போடுங்க.

எமுலேட்டர்னு பாத்தா மூணு பேரு சொல்லலாம். ப்ரவுசர்லயே ஓடுற ஜேஎஸ்பீப், மேட் காட்போல்ட் எழுதுனது, ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், புதுசா வர்றவங்க இதுல தான் ஆரம்பிக்கணும். விண்டோஸ்ல பீப்எம். அப்புறம் பி-எம். இனி சிக்கலுக்கு வருவோம்.

ஸ்டார் அடிச்சா பிராக்கெட் வருது

முதல் நாள் எல்லாரும் இதுல தான் முட்டிக்கிடுவாங்க. ஷிஃப்டும் 8ம் அடிச்சா * வரணும், ஆனா ( வருது. ஷிஃப்டும் 2ம் அடிச்சா " வருது. எமுலேட்டர் தப்பு பண்ணல, பிபிசி கீபோர்டுல அந்தந்த எடத்துல அது தான் இருந்துச்சு. எல்லுக்கு அடுத்து ; இருக்கும், அதுக்கு அடுத்து : இருக்கும், அந்த கோலன் கீய ஷிஃப்டோட அடிச்சா தான் * வரும், அதாவது உங்க லேப்டாப்புல எல்லுக்கு வலப்பக்கம் ரெண்டாவது கீ. அத ஒரு தடவ அடிச்சுப் பாருங்க, வந்துரும்.

இது ஒத்து வரலன்னா ஜேஎஸ்பீப் செட்டிங்ஸ்ல கீபோர்டு லேஅவுட்ட ஃபிசிக்கல்ல இருந்து நேச்சுரலுக்கு மாத்துங்க, பீப்எம்ல லாஜிக்கல் மேப்பிங்குன்னு இருக்கும். அப்ப நீங்க என்ன எழுத்து அடிக்கீங்களோ அதே வரும். ஆனா கேம் விளையாடும் போது திரும்ப ஃபிசிக்கலுக்கு வந்துருங்க, கேம் எழுதுனவன் கீ இருக்க எடத்தப் பாத்து தான் எழுதிருப்பான்.

பீப்னு ஒரே சத்தம், ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்ல

நிஜ மெஷின்ல ஸ்விட்சப் போட்டதும் தாழ்ந்த ஒரு சத்தம், அடுத்து ஒசந்த ஒரு பீப், ரெண்டும் சேந்து வரும். அந்த ரெண்டாவது பீப் வந்துட்டா மெஷின் முழிச்சிருச்சுன்னு அர்த்தம். முதல் சத்தமே நிக்காம ஓடுச்சுன்னா சவுண்டு சிப்ப அடக்க வேண்டிய ஓஎஸ், அதாவது மெஷின ஓட்டுத அடிப்படை ப்ரோக்ராம், கெளம்பவே இல்லன்னு அர்த்தம். காது குடுத்துக் கேட்டாலே பாதி நோய் தெரிஞ்சுரும் இந்த மெஷின்ல, எனக்கு அது ரொம்பப் புடிக்கும்.

எமுலேட்டர்ல இப்படி வந்தா ஓஎஸ் ரோம் ஃபைல் (ஓஎஸ் இருக்க சிப்போட நகல்) இல்ல, இல்லன்னா ஒடஞ்சு எறங்கிருக்கு. ஃபைல் சைஸ் பாருங்க, ஓஎஸ் 1.20ம் பேசிக்குங்குத ப்ரோக்ராம் மொழியும் ஒவ்வொண்ணும் சரியா 16,384 பைட் இருக்கணும். ஒரு பைட் கொறஞ்சாலும் திரும்ப எறக்குங்க. நிஜ மெஷின்னா கரண்ட ஆஃப் பண்ணிட்டு, சாக்கெட்ல இருக்க ரோம் சிப்ப வெரலால ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்க, காலுல களிம்பு ஏறி தொடாம இருக்கும். சார் மெஷின் அந்த ஒரு அமுக்குல தான் எந்திரிச்சுச்சு.

பிபிசி கம்ப்யூட்டர் 32கேன்னு வந்துட்டு கீழ லாங்குவேஜ்?னு கேள்வி கேட்டு நின்னுச்சுன்னா ஓஎஸ் நல்லா இருக்கு, பேசிக் ரோம் தான் இல்ல. அத 15ம் ஸ்லாட்ல போடுங்க. பேசிக்குப் பதிலா வேற ஏதாவது வேர்டு ப்ராசஸர் வந்து நின்னா அது மேல் ஸ்லாட்ல உக்காந்திருக்கு, பதறாம *பேசிக்னு அடிச்சா வந்துரும். 32கேக்குப் பதிலா 16கேன்னு வந்தா மாடல் ஏய தேர்ந்தெடுத்திருக்கீங்க, அதுல பாதி கேம் ஓடாது, மாடல் பிக்கு மாத்துங்க.

எத அடிச்சாலும் மிஸ்டேக்

சின்ன எழுத்துல அடிக்கீங்க. பேசிக் கட்டளை எல்லாம் பெரிய எழுத்துல தான் இருக்கணும். நிஜ மெஷின் எந்திரிக்கும் போதே கேப்ஸ் லாக் போட்டுட்டு தான் வரும், அதனால அந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இந்தச் சிக்கலே கெடையாது. ஸ்டார் கட்டளைக்கு மட்டும் சின்னதோ பெருசோ ரெண்டும் ஓடும்.

டிஸ்க் போட்டாச்சு, ஒண்ணும் நடக்கல

> மட்டும் நிக்கும், கர்சர் கண் சிமிட்டும். டிஸ்க் போட்டா தானா ஓடாது இதுல. ஷிஃப்ட அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ப்ரேக் கீய ஒரு தட்டு தட்டணும், எமுலேட்டர்ல ப்ரேக் எஃப்12. ஷிஃப்ட சட்டுனு விட்டுறாதீங்க, டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிற வரைக்கும் புடிச்சுக்கிடணும். லேப்டாப்ல எஃப்12 அடிச்சா வெளிச்சம் கூடுது, ஃப்ளைட் மோடு போகுதுன்னா எஃப்என் கீயயும் சேத்து அமுக்குங்க.

அப்பவும் வரலன்னா *கேட் (*CAT, ஃபைல் பட்டியல் காட்டுத கட்டளை) அடிச்சு மேல ஆப்ஷன்னு இருக்க வரியப் பாருங்க. ஆப்ஷன் 0, ஆஃப்னு இருந்தா அந்த டிஸ்க்குக்கு ஆட்டோபூட்டே கெடையாது, பட்டியல்ல இருக்க பேரப் பாத்து செயின் (CHAIN) போட்டுக் கூப்பிட வேண்டியது தான். ஆப்ஷன் 3ன்னு இருந்தா பூட் ஃபைல எக்ஸெக் பண்ணும், அதாவது அதுல இருக்க கட்டளைய தானா ஓட்டும்.

பட்டியல் வருது, ஃபைல் வர மாட்டேங்கு

இதுல தான் நெறைய பேரு நல்ல டிஸ்க்க கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அழிச்சுருதாங்க, அதனால கொஞ்சம் நின்னு பாத்துக்கிடுவோம். *கேட் அடிச்சா பேரெல்லாம் அழகா வருது, ஒண்ண லோடு பண்ணா குப்பையா வருது, இல்லன்னா டிஸ்க் ஃபால்ட் 18ன்னு வருது.

டிஸ்க்குல வட்ட வட்டமா இருக்கது ட்ராக், அதோட ஒவ்வொரு துண்டும் செக்டார். ஒரு ட்ராக்குல 10 செக்டார், ஒரு செக்டார் 256 பைட். 40 ட்ராக் டிஸ்க்னா 1,02,400 பைட், 80 ட்ராக்னா 2,04,800, ரெண்டு பக்கமும் 80 ட்ராக்னா 4,09,600. டிஸ்க்க அப்படியே நகலெடுத்த ஃபைலுக்கு இமேஜ்னு பேரு, ஒத்தப் பக்க இமேஜுக்கு எஸ்எஸ்டின்னு பேரு, ரெட்டைப் பக்கத்துக்கு டிஎஸ்டி. டிஎஸ்டி ஃபைலுக்குள்ள மேல் பக்கம் முதல் ட்ராக், கீழ்ப் பக்கம் முதல் ட்ராக், மேல் பக்கம் ரெண்டாவது, கீழ்ப் பக்கம் ரெண்டாவதுன்னு பூத்தொடுக்குத மாதிரி மாத்தி மாத்தி வரும். யாரோ அந்த டிஎஸ்டிக்கு எஸ்எஸ்டின்னு பேரு போட்டு வச்சிருப்பாங்க. பட்டியல் முதல் ட்ராக்ல இருக்குததால அது ஒழுங்கா வந்துரும், ரெண்டாவது ட்ராக்னு எமுலேட்டர் போய் எடுக்கது உண்மைல கீழ்ப் பக்கத்தோட முதல் ட்ராக், அங்க இருந்து எல்லாம் தப்பு. ஃபைல் பேரோட வால டிஎஸ்டின்னு மாத்திட்டுத் திரும்பப் போடுங்க, அவ்வளவு தான். சைஸ் சொன்னத விட கொறவா இருந்தா பயப்பட வேண்டாம், கடைசில காலியா கெடக்க எடத்த வெட்டி விட்டிருப்பாங்க.

நிஜ ஃப்ளாப்பி டிரைவ்ல ஃபால்ட் 18 வந்தா செக்டாரே கெடைக்கலன்னு அர்த்தம், 40 ட்ராக் ஃப்ளாப்பிய 80 ட்ராக் டிரைவ்ல போட்டா இப்படித்தான் வரும், டிரைவ்ல 40/80 ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க. ஃபால்ட் 0ஈ (0E)ன்னு வந்தா அது வேற, செக்டார் கெடைச்சுருச்சு ஆனா உள்ள இருக்க டேட்டா ஒத்துப்போகல, ஹெட்ட தொடச்சுட்டு நாலஞ்சு தடவ வாசிச்சுப் பாக்கலாம். பூசணம் புடிச்ச ஃப்ளாப்பிய மட்டும் தொடைக்காம போட்டுறாதீங்க, அது ஹெட்டயும் கெடுத்து அடுத்த ஃப்ளாப்பியயும் கீறிரும்.

நோ ரூம், பேட் ப்ரோக்ராம்

கேசட்டுக்கு எழுதுன ப்ரோக்ராம டிஸ்க் இருக்க மெஷின்ல ஏத்துனா வரும். டிஸ்க் இல்லாத மெஷின்ல ப்ரோக்ராம் 3584ம் பைட்ல இருந்து உக்காரும். டிஸ்க் ரோம் இருந்தா அது தனக்குன்னு கொஞ்ச எடத்த எடுத்துக்கிடும், ப்ரோக்ராம் 6400ல இருந்து தான் ஆரம்பிக்கும். 2816 பைட் போச்சு. இன்னைக்கு அது ஒண்ணுமே இல்ல, ஆனா மோடு 2ங்குத ஸ்க்ரீன் வகையப் போட்டா ஸ்க்ரீனே 20 கேபி தின்னுரும், மிச்சம் 5888 பைட் தான் உங்களுக்கு. அப்ப 2816 எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கிடுங்க. சரி செய்யது லேசு, *டேப் அடிங்க, அடுத்து பேஜ்=3584, அடுத்து நியூ, அதுக்கப்புறம் செயின்"" போடுங்க. இதே வரிசைல தான் அடிக்கணும், நியூவ விட்டுட்டா பேட் ப்ரோக்ராம்னு கத்தலாம்.

எஃப்12 தெரியாம பட்டு ப்ரோக்ராம் போச்சு

போகல. ஓல்டுன்னு அடிங்க, வந்துரும். ப்ரேக் அமுக்குனா மெமரி அழியாது, ஆரம்பத்த மட்டும் தான் மறக்கும். ஆனா அதுக்கு முன்ன ஒரு வரி கூட புதுசா அடிச்சிருக்கக் கூடாது.

எலைட்ல கீழ் பாதி ஆடுது, கேம் பறக்குது

1984ல டேவிட் ப்ரேபனும் அயன் பெல்லும் எழுதுன எலைட்ங்குத விண்வெளி கேம் ஓடுதான்னு பாத்தாலே ஒரு எமுலேட்டர் தேறுமா தேறாதான்னு சொல்லிரலாம். மேல விண்வெளி கறுப்பு வெள்ளைல தெளிவா, கீழ டாஷ்போர்டு கலர்ல, ரெண்டும் வேற வேற ஸ்க்ரீன் மோடு, ஒரே ஸ்க்ரீன்ல. டிவில படம் மேல இருந்து கீழ வரைஞ்சுக்கிட்டு வரும் போதே டைமர் சிப்ப வச்சு சரியான வரில மோட மாத்துவாங்க, ஒரு நொடிக்கு 50 தடவ. அந்த டைமர் ஒரு இம்மி தப்புனாலும் கோடு நடுங்கும். ரொம்பப் பழைய எமுலேட்டர்னா புதுசு போடுங்க. கேம் பறந்துச்சுன்னா ஸ்பீடு செட்டிங்க ரியல் டைமுக்கு வைங்க. ஜேஎஸ்பீப்ல பாதில நின்னுச்சுன்னா வேற டேபுக்கு போயிருப்பீங்க, ப்ரவுசர் அத தூங்க வச்சிருக்கும்.

பிராக்கெட் அடிச்சா அம்பு வருது, தமிழ் எழுத்து வரல

மெஷின் எந்திரிக்கது மோடு 7ல, அது டெலிடெக்ஸ்ட் சிப் (டிவில எழுத்து காட்டுததுக்குன்னு செஞ்ச சிப்) வரைய ஸ்க்ரீன், 1 கேபி மெமரி போதும் அதுக்கு. அதுல [ அடிச்சா இடப்பக்க அம்பு, ] அடிச்சா வலப்பக்க அம்பு. உள்ள சரியான எழுத்து தான் இருக்கு, கண்ணுக்கு தான் அம்பு, மோடு மாத்தினா பிராக்கெட்டாவே தெரியும். அந்த பிராக்கெட் தான் பேசிக்குக்குள்ளயே அசெம்ப்ளி (ப்ராசஸரோட நேரடி மொழி) எழுத வாசல், சோஃபி வில்சன் எழுதுன பேசிக் அது. அவங்களும் ஸ்டீவ் ஃபர்பரும் பொறவு அதே கம்பெனில ஏஆர்எம் சிப்ப உண்டாக்குனாங்க, அந்த டிசைனோட மாடலையே பிபிசி பேசிக்ல தான் எழுதிப் பாத்தாங்க, 1985 ஏப்ரல் 26ல முதல் சிப் ஓடுச்சு. இப்ப நீங்க கைல வச்சிருக்க போன்ல ஓடுதது அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை தான்.

இந்த மோடு 7ல தான் சாரோட ப்ரோக்ராமும் எங்களுக்கு மாட்டுச்சு. சார் 224ம் நம்பர் எழுத்துல இருந்து தமிழ் எழுத்து வரைஞ்சு வச்சிருக்காரு, நான் ஓட விட்டா எழுத்து இருக்க வேண்டிய எடத்துல என்னமோ தெரியுது. நாம வரைஞ்ச எழுத்த மோடு 7 காட்டவே காட்டாது. ப்ரோக்ராம்ல முதல் வரில இருந்த மோடு 4 டேப்ல அழிஞ்சு போயிருந்துச்சு, அத எழுதுனதும் வந்துருச்சு. நீங்களும் வரைஞ்சு பாருங்க, மோடு 4 போட்டுட்டு விடியூ (VDU) 23,224,0,66,66,66,66,66,126,0 அடுத்து பிரிண்ட் சிஹெச்ஆர்$224 (PRINT CHR$224). ப வரும். எட்டு வரி, ஒவ்வொரு வரிலயும் எட்டு புள்ளி, 66னா ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு புள்ளி, 126னா அடிக்கோடு. அதுலயே அஞ்சு 66யும் 64 ஆக்குனா வலது ஓரம் போயிரும், ட ஆயிரும். சார் நோட்டுல கட்டம் போட்ட தாள்ல பென்சில்ல ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சு வலப்பக்கம் கூட்டல் போட்டு வச்சிருக்காரு, ழவுக்கு மட்டும் நாலு தடவ அழிச்சு எழுதிருக்காரு.

சர்ச்சிங்னு நிக்குது, லோடிங் வர மாட்டேங்கு

கடைசியா கேசட், இதுக்கு தான் பொறுமை வேணும். பிபிசி டேப்புக்கு எழுதுதது ரெண்டே ஓசை. 0க்கு 1200 ஹெர்ட்ஸ்ல ஒரு அலை, 1க்கு 2400 ஹெர்ட்ஸ்ல ரெண்டு அலை. ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்ன கீய்ய்னு ஒரு நீள ஓசை வரும், அது 2400. ஒரு நொடிக்கு 120 பைட் தான், 256 பைட்டுக்கு ஒரு ப்ளாக்கா கட்டி எழுதும்.

முதல்ல கேசட்டப் பாருங்க. வெள்ளையா பூசணம் பூத்திருந்தா ப்ளேயர்ல போடாதீங்க, காஞ்ச மெல்லிசு துணில பட்டும் படாம பையப் பைய சுத்தி எடுங்க. உள்ள டேப்புக்குப் பின்னால இருக்க சின்ன மெத்தை விழுந்திருந்தா சத்தம் மந்தமாயிரும், திருகாணி போட்ட புது கேசட் கூட்டுக்குள்ள ரீல மாத்திருங்க. ஹெட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடைங்க.

அடுத்து ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும், ஹெட் சாயுத கோணத்த அது தான் மாத்தும். டேப் எந்த ப்ளேயர்ல பதிஞ்சதோ அந்த ஹெட்டோட சாய்வுக்கு உங்க ஹெட்டும் வரணும். கீய்ய்னு ஓசை ஓடும் போது ஸ்க்ரூவ நூல் அளவு திருப்புங்க, ஓசை மந்தமா இருந்து ஒரு எடத்துல ஊசி மாதிரி கூர்மையா கேக்கும், தாண்டுனா திரும்ப மங்கும். அந்த கூர்மைல நிறுத்துங்க. சர்ச்சிங்ல நிக்குத டேப்புல பாதிக்கு மேல எனக்கு இதுலயே சரியாச்சு.

ரெக்கார்டு பண்ணும் போது வேவ் ஃபைலா பண்ணுங்க, மோனோ, 44,100. எம்பி3 வேண்டாம், அது மனுசக் காதுக்கு தேவையில்லன்னு நெனச்சு வெட்டி எறியுததுல நம்ம பைட்டும் போயிரும். நாய்ஸ் ரிடக்சன், டால்பி எல்லாம் ஆஃப். சத்தம் உச்சில முட்டாம இருக்கணும். அத யூஇஎஃப் ஃபைலா (எமுலேட்டர் படிக்குத டேப் ஃபைல்) மாத்தி எமுலேட்டர்ல போட்டு, எடுத்ததும் செயின் போடாம *டேப் அடிச்சு *கேட் அடிங்க, எந்த ஃபைல் எத்தன ப்ளாக் நல்லா இருக்குன்னு வரிசையா சொல்லும். டேட்டா?ன்னு வந்தா அந்த ப்ளாக் கெட்டிருக்கு. ப்ளாக்?னு வந்தா நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு. ப்ளாக்குக்கு நம்பர் இருக்கதால முழுசும் திரும்ப ஓட்ட வேண்டாம், அந்த எடத்த மட்டும் நாலு தடவ பதிஞ்சு நல்லா வந்தத எடுத்து ஒட்டிக்கிடலாம்.

ஒட்டும் போது ஃபைலுக்கு முன்ன மனுசப் பேச்சு இருந்தா வேஸ்ட்டுன்னு வெட்டிறாதீங்க. எமுலேட்டர் அதக் கண்டுக்கிடாது, சர்ச்சிங்னு நின்னுட்டு ஓசை வந்ததும் எடுத்துக்கிடும். சார் டேப்புல ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் முன்ன அவரு குரல் இருக்கு. நான் ஹெட்ஃபோன கழட்டி ஸ்பீக்கர்ல விட்டேன், "ஏழாம் வாய்ப்பாடு, ஆறாம் வகுப்புக்கு, ஏல சத்தம் போடாத"ன்னு சொல்லி முடிக்கவும் கீய்ய்னு ஓசை.

"அது நானா தம்பி?"ன்னாரு சார். "நீங்க தான் சார்"னேன். லோடிங்னு வந்து நம்பர் ஏறிக்கிட்டு இருந்துச்சு, ஒன்பதாவது ப்ளாக்ல டேட்டா?ன்னு நின்னுச்சு. "கொஞ்சம் பின்னால சுத்து"ன்னாரு, நான் சுத்துனேன்.